உடைக்காத கடிதங்களின் பை

மகன்,

உன் பை என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தபோது என் சோபாவுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனாய். அன்றிலிருந்து நாலு தரம் போன் எடுத்துவிட்டாய். "அம்மா, உந்தப் பை பத்திரம். அதுக்குள்ள சனத்தின்ர கடிதங்கள் கிடக்கு. நான் வந்து எடுக்கிறன்" என்றாய். நானும் ஓம் ஓம் என்றேன். ஒரே நகரத்துக்குள் நோர்பரியிலிருந்து டூட்டிங் ஒன்றும் கடல் கடந்த தேசமில்லை. ஆனாலும் இன்றைக்கு வெள்ளிக்கிழமை, நீ வரவில்லை. பையை இப்போதைக்குத் தரமாட்டேன். முதலில் இந்தக் கடிதத்தை இருந்து வாசி. காரில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது வாசிக்காதே, யாருடனோ போனில் கதைத்துக்கொண்டு வாசிக்காதே. மருமகள் றெஜினாவையும் பக்கத்தில் இருத்தி வாசி. அவளுக்கும் இதில் பங்கு உண்டு. பிறகு கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும் என்று தோன்றினால் வாசி, எனக்கு வெட்கமில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் உன்னை எங்கள் தமிழ்ச் சனத்துக்குத் தலைவர் என்று தெரிவு செய்து பொன்னாடை போர்த்தினார்கள். சுவாமியார் உன்னை மோசேக்கு ஒப்பிட்டுப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பெருமையில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீ மேடையில் நின்றபடி வலது கைப் பெருவிரலால் இடது தோளை அழுத்தி அழுத்தி விட்டாய். பொன்னாடை சரிகிறதாக்கும் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் கை தட்டுவதை நிறுத்திவிட்டேன். அதே மண்டபத்தில், அதே இடத்தில் நின்று, அதே தோளை அதே மாதிரி அழுத்திய ஒரு மனிதரோடு நான் இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். அதன் பிறகு என்ன நடந்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை எட்டு வருஷமாக நான் யாருக்கும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சுவாமியாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

நாங்கள் மன்னாரிலிருந்து இந்த இங்கிலீஷ் நாட்டில் வந்து இறங்கியபோது உனக்குப் பதினாறு வயது. அங்கே இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த உன் அப்பா இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை செய்தார். எண்பதுகளின் நடுவில் எங்கள் சனம் கிழமைக்குக் கிழமை வந்துகொண்டே இருந்தது. ஊரில் செபம் தொடங்குகிற, செத்தவீட்டிலும் கலியாணவீட்டிலும் முன்னுக்கு நிற்கிற ஆளை மூப்பர் என்று சொல்லுவோம். அந்தப் பட்டத்தை இங்கே உன் அப்பாவுக்குக் கட்டிவிட்டார்கள். ஒருநாள் யாரோ ஒருவர் நகரசபைக் கவுன்சில் கடிதத்தைத் தானே வாசித்து, படிவத்தைப் பிழையாக நிரப்பி, பெனிபிட் என்ற உதவிப்பணம் நின்றுபோய்ப் பிள்ளைகளோடு எங்கள் வாசலில் வந்து அழுதார். அன்றைக்கு அப்பா செபக் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னார்: "இனிமேல் அரசாங்கத்தின்ர பிரவுண் உறைக் கடிதம் வந்தால் ஒருதரும் உடைக்கப்படாது. அப்பிடியே என்னட்டைக் கொண்டு வாங்கோ. நான் பாக்கிறன்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஒரு வருஷத்துக்குள் அது மரியாதையாக மாறிவிட்டது. தன் கடிதத்தைத் தானே உடைத்தவன் மூப்பரை மதிக்காதவன் என்று ஆகிவிட்டது. இங்கிலீஷ் தெரிந்தவர்களும் உடைக்காமல் கொண்டு வந்தார்கள். நீ நக்கலடிப்பாய், ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, எங்கட வீடு தபாற்கந்தோர். முத்திரை மட்டும்தான் விக்கேல்லை" என்பாய். நான் சிரிப்பேன்.

அப்பா ஷிப்டில் நிற்கிற நேரம் வாசலில் நிற்கிறது நான்தான். காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவிவிட்டு வருகிற எனக்கு, பின்னேரத்தில் வாசலில் ஒரு மதிப்பு இருந்தது. "மூப்பரம்மா" என்று கூப்பிடுவார்கள், எனக்கு இனிக்கும். கை நீட்டி வாங்குவேன். "வைச்சிட்டுப் போங்கோ, அவர் வந்து பாப்பார்" என்பேன். இந்த ஒரு வசனத்தை நான் எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது. வாங்கியதை மண்ணிறத் தோல் பைக்குள் போடுவேன். அந்தப் பை ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை.

அருளப்புவை உனக்குத் தெரியும். பேக்கரியில் வேலை செய்தவர், மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் மன்னாரில் இருக்க, இங்கே தனி அறையில் இருந்தவர். பூசையில் இருமி இருமிப் பாட்டைக் குழப்புவார் என்று நீயும் உன் கூட்டாளிகளும் கேலி பண்ணுவீர்கள். ஒரு புதன்கிழமை பின்னேரம் அவர் ஒரு கடிதத்தோடு வந்து வாசலில் நின்றார். பெருவிரலை உறையின் மடிப்புக்குக் கீழே கொடுத்தபடி நின்றார். "அக்கா, இது ஆஸ்பத்திரிக் கடிதம் போலக் கிடக்கு. ஒருக்கா உடைச்சுப் பாக்கட்டே?" என்று கேட்டார். மகன், அவர் கேட்டது தன் கடிதத்தைத் தான் உடைக்க என்னிடம் அனுமதி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏன் தம்பி அவசரப்படுறியள்? நீங்கள் உடைச்சு, விளங்காமல் பயந்துபோய் நிக்கிறதே? வைச்சிட்டுப் போங்கோ, அவர் வந்து பாப்பார்." அவர் மடிப்பைத் திரும்பவும் விரலால் தடவி ஒட்டிவிட்டு என் கையில் தந்தார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்று போனார்.

அது மாதா யாத்திரைக் காலம். மூன்று கோச் பஸ்ஸுக்கு ஆள் சேர்க்கிறதும், சாப்பாட்டுப் பார்சலும், மைக்கும், மாதா சுரூபத்தைத் தோளில் காவ ஆள் பிடிக்கிறதும் எல்லாம் அப்பாவின் தலையில். "இந்த பஸ் விஷயத்தையாவது நான் பாக்கிறன் அண்ணை" என்று கேட்டவர்களையும் அவர் நம்பிக் கொடுக்கவில்லை. யாத்திரை முடிந்து, களைத்து விழுந்து, நாலாவது கிழமைதான் பையின் அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். குசினி மேசையில் இருந்து இரண்டு தரம் வாசித்தார். எக்ஸ்ரேயில் எதையோ கண்டிருக்கிறார்கள், அந்தக் கிழமையே வரச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் அருளப்புவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், ஏன் அப்போதே வரவில்லை என்று. அருளப்பு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் மறந்துபோச்சு எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றாராம். அதை அப்பா இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டி வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் அருளப்பு செத்துப்போனார். நாலு கிழமை முந்திப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அவர் வாசலில் நின்று உடைக்கட்டுமா என்று கேட்டதை நான் அப்பாவுக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஒருவேளை விளங்கிக்கொண்டிருப்பார். பிழை அவருடைய சுணக்கத்தில் இல்லை, உடைக்கக்கூடாது என்ற கட்டளையில் என்று. நான் வாய் மூடி இருந்ததால் அவர் தன் நித்திரையில் பிழை கண்டுபிடித்தார். இன்னும் குறைவாகத் தூங்கியிருந்தால் முந்தி வாசித்திருப்பேன் என்று நினைத்தார். அதற்குப் பிறகு கட்டிலில் படுத்ததைவிடக் கதிரையில் இருந்தபடி கண்ணயர்ந்ததுதான் அதிகம். முகம் சாம்பல் பூத்துப்போனது. தோளை அழுத்தத் தொடங்கியது அப்போதுதான்.

சுவாமியார் உன்னை மோசே என்றார் அல்லவா, அந்தக் கதையில் அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். மோசே காலையிலிருந்து பொழுதுபடும்வரை ஒரு ஆளாக இருந்து முழுச் சனத்தின் வழக்கையும் தீர்த்தார். சனம் வரிசையில் நின்று காய்ந்தது. அதைப் பார்க்க வந்த மாமனார் எத்திரோ மருமகனுக்குக் கை தட்டவில்லை. நீ செய்கிறது நல்லதில்லை, நீயும் அழிந்துபோவாய், உன்னை நம்பி நிற்கிற சனமும் அழிந்துபோகும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நல்ல ஆட்களைத் தெரிந்து பத்துப் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர் என்று வை, பெரிய காரியத்தை மட்டும் நீ பார் என்றார். கடவுளோடு முகம் பார்த்துக் கதைத்த மோசே, மாமனாரின் சொல்லைக் கேட்டார். உன் அப்பாவின் வேதாகமம் என்னிடம் இருக்கிறது. அவர் செத்த பிறகு ஒரு நாள் புரட்டிப் பார்த்தேன். சிவப்புப் பென்சிலால் கோடு போடாத பக்கம் குறைவு. நல்ல ஆயன் தன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுக்கிற இடத்தில் கடதாசி கிழிய மூன்று கோடு. எத்திரோ பேசுகிற பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. எங்கள் வீட்டில் எத்திரோவாக இருந்திருக்க வேண்டியது நான். மாமனாரும் இல்லை, மச்சானும் இல்லை, நான் ஒருத்திதான் பக்கத்தில் இருந்தேன். நான் கை தட்டினேன்.

இனி எட்டு வருஷத்துக்கு முந்திய அந்தச் சனிக்கிழமை. உனக்குத் தெரிந்தது, அப்பா மண்டபத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு இறங்கவில்லை, சனம் போய்க் கண்ணாடியில் தட்டியபோது உயிர் இல்லை என்பது. அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் எங்கள் வீட்டில் நடந்தது இது. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கட்டிலில் போய் இருந்தார். "இண்டைக்கு ஏலாது போலக் கிடக்கு. கூட்டத்துக்குப் போகேல்லை எண்டு போன் பண்ணி விடுமன்" என்றார். அவர் அப்படிக் கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தரம்தான். எனக்கு அன்றைக்குப் புதுச் சேலை. மூப்பரம்மா வரவில்லையா என்று நாலு பேர் கேட்பார்களே என்ற நினைப்பு. நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், பகிடியாகத்தான் சொன்னேன்: "நல்ல ஆயன் ஆடுகளுக்காக உயிரையே குடுத்தவர் எண்டு போன ஞாயிறும் நீங்கள்தானே வாசிச்சனியள். எழும்புங்கோ." அவர் எழும்பிச் சப்பாத்தைப் போட்டார். "நீர் சேலையை உடுத்துக்கொண்டு பின்னால பஸ்ஸில வாரும், நான் மண்டபக் கதவு திறக்கவேணும்" என்று பையையும் எடுத்துக்கொண்டு போனார். நான் அந்தப் புதுச் சேலையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. வேத வசனத்தை எடுத்து ஒரு மனிதரை அடிக்க முடியும் மகன், நான் அடித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கோபத்தோடுதான் வேதாகமத்தைத் திறந்தேன். நல்ல ஆயன் உயிரைக் கொடுத்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்திய நாட்களை ஏன் ஒருவரும் எங்களுக்குப் பிரசங்கிக்கவில்லை? புயலுக்கு நடுவில் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்து நித்திரை கொண்டவர் அவர். ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்தபோது அவர் ஒவ்வொரு கையிலும் அப்பத்தை வைத்துக்கொண்டு திரியவில்லை, சனத்தைக் கூட்டம் கூட்டமாக இருத்தி, சீடர்களிடம் கொடுத்துப் பரிமாற விட்டார். பிறகு சனத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே மலைக்குப் போனார். எலியாவைப் பார். இனிப் போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்று பாலைவனத்துச் செடிக்குக் கீழே படுத்தவருக்கு வானதூதர் வந்து புத்தி சொல்லவில்லை. சூடான அப்பமும் தண்ணீரும் வைத்தார். சாப்பிட்டவர் திரும்பவும் படுத்தார், தூதர் சும்மா விட்டார். பிறகு இன்னொரு தரம் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள் நான், எனக்கு அந்தத் தூதரைப் பிடிக்கும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று எங்கள் ஆட்கள் சொல்லுவது சும்மா இல்லை. உன் அப்பா சுவரை இடித்துச் சித்திரம் வரைந்தார், நான் பக்கத்தில் நின்று வர்ணக் கிண்ணம் பிடித்தேன்.

இப்போது நீ. போன மாதம் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். யாரோ மணி அடித்தார்கள். றெஜினா கதவைத் திறந்தாள். கடிதத்தோடு ஒருவர். அவள் கை நீட்டி வாங்கி, "வைச்சிட்டுப் போங்கோ அண்ணை, அவர் வந்து பாப்பார்" என்றாள். மகன், நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், கத்தியை வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தேன். நான் அவளுக்கு அந்த வசனத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய். அது தானாக வந்து அவள் வாயில் குடியிருக்கிறது. அவளைக் குறை சொல்லவில்லை, அவள் முகத்தில் அன்றைக்கு என் முகத்தைத்தான் கண்டேன். அன்றைக்கு நீ வேலையால் வந்து, இடுப்பில் போன் அலற அலற நின்றபடியே சாப்பிட்டாய். "அப்பாவின்ர நெஞ்சு வருத்தம் உனக்கும் இருக்கோ எண்டு டொக்டர் நெஞ்சை டெஸ்ட் பண்ண அனுப்பினவரல்லே, என்ன சொன்னவை?" என்று கேட்டேன். "கடிதம் ஒண்டும் வரேல்லை அம்மா. வரேல்லை எண்டால் பிரச்சினை இல்லை எண்டுதானே அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு உன் பையைத் திறந்தேன். கோபிக்காதே, பழைய பழக்கம், உன் அப்பாவுக்கும் நான்தான் பெயர் பார்த்து அடுக்கி வைப்பேன். நோர்பரி, தோர்ன்ரன் ஹீத், டூட்டிங், நகரத்தின் மறுபக்கத்து வெம்பிளியிலிருந்துகூட ஒன்று. ஒன்றும் உடைக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று போன் பண்ணினேன். இந்த நாட்டில் அப்படி நான் சொன்னது இதுதான் முதல் தரம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பஸ் ஏறி இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, அவரவர் கடிதத்தை அவரவர் கையில் கொடுத்தேன். "நீங்களே உடையுங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன்" என்றேன். சில வீட்டில் பிள்ளைகள் வந்து வெள்ளைக்காரரைப் போல வாசித்துச் சொன்னார்கள். வெம்பிளிக்காரர் உறையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இது கவுன்சில் டாக்ஸ். எனக்கே விளங்கும். உடைச்சால் தலைவர் குறை நினைப்பார் எண்டுதான் குடுத்தனான்" என்றார். பார்த்தாயா, நீ தூக்கிச் சுமந்த பாரத்தில் பாதி வெறும் மரியாதை. உண்மையாகவே உதவி தேவைப்பட்டவர்கள் ஐந்தாறு பேர். அவர்களுக்கு யார் வாசித்துச் சொல்வது என்று அந்தந்த வட்டாரத்திலேயே ஆள் கேட்டேன், உடனே முன்வந்தார்கள். எட்டு வருஷம் பிந்தி வந்த எத்திரோ என்று வைத்துக்கொள்.

பையில் இப்போது ஒரு கடிதமும் இல்லை. நேற்று மத்தியானம் வரை ஒன்று இருந்தது. அது எல்லாவற்றுக்கும் அடியில், மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மூலையில் ஆஸ்பத்திரி முத்திரை. மற்றவர்களின் கடிதங்களோடு சேர்த்து றெஜினா பைக்குள் போட்டிருப்பாள், நீ குனிந்து பார்க்கவே இல்லை. தபாற் குறியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், ஆறு கிழமை ஆகிறது. பெயரை நாலைந்து தரம் எழுத்துக் கூட்டி வாசித்தேன். வேறு யாருடைய பெயராகவாவது மாறிவிடாதா என்று பார்த்தேன். அது உன் பெயர்.

நான் உடைக்கவில்லை. கேத்தல் ஆவியில் பிடித்துத் திறந்து பார்ப்போமா என்றுகூட நினைத்தேன், உனக்கு என்னைத் தெரியும். ஆனால் இன்னொருவர் கடிதத்தில் கை வைத்து நான் செய்தது போதும். அதை இந்தக் கடிதத்தோடு வைத்து, உன் வீட்டுக் கதவுத் துவாரத்தில் போடாமல், நானே வந்து றெஜினா கையில் தருவேன். அவளுக்கு ஒரு வார்த்தைதான் சொல்லப் போகிறேன், அவர் வந்து பார்ப்பார் என்று வைத்துவிடாதே பிள்ளை, அவர் வேலை செய்கிற இடத்துக்கு இப்போதே கொண்டு போ என்று.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அருளப்புவின் விரல் அந்த மடிப்புக்குக் கீழே நின்றது எனக்கு இப்போதும் தெரிகிறது. உன் விரலை அங்கே வை மகன். உடை.

இந்த முறை வாங்கி வைக்காத,
உன் அம்மா